குழந்தை யாருக்கு? ஈரானியப் பெண்களின் கவிதைகளில் ஒரு நாட்டின் வரலாறு

ஈரானின் வரலாற்றை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை முதுகலை வகுப்பில். 1906 அரசியல் சட்டப் புரட்சி, 1925 பஹ்லவி ஆட்சியின் தொடக்கம், 1953 மொசாதெக் ஆட்சிக் கவிழ்ப்பு, 1979 இஸ்லாமியப் புரட்சி. இந்த நான்கு ஆண்டுகளையும் இரண்டு ஷாக்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்தால் பத்து மதிப்பெண் கேள்விக்குப் போதும். பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் அதையே கல்லூரியில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டாம் முறை படித்தது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. பாரசீகப் பெண் கவிஞர்களின் ஆயிரம் ஆண்டுக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து டிக் டேவிஸ் 2019இல் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். பாரசீகம் அறியாத நான் அதிலிருந்துதான் தொடங்கினேன். வரலாற்று ஆசிரியையின் பழக்கம், ஒவ்வொரு கவிஞரின் பெயருக்கு அருகிலும் பென்சிலால் ஆண்டைக் குறித்து, என்னுடைய நான்கு ஆண்டுகளுடன் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. புரட்சி நடந்த ஆண்டில் ஒருத்தி சீப்புடன் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆட்சி கவிழ்ந்த பிறகு ஒருத்தி காதலனைப் பற்றி எழுதுகிறாள். இவர்களுக்கு நாடு ஒரு பொருட்டே இல்லையா என்று முதலில் எரிச்சலாகக்கூட இருந்தது. கவிதைகளைவிட்டு அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கத் தொடங்கியபோதுதான் ஒரே செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. மணமுறிவு. பிறகு, மகனைத் தந்தை வைத்துக்கொண்டார்.

ஆலம்தாஜ் 1883இல் பிறந்தவர். ‘ஜாலே’ என்பது புனைபெயர், பனித்துளி என்று பொருள். மன்னரின் ஆணையால் 1835இல் கொல்லப்பட்ட அமைச்சர் காயெம் மகாமின் வழிவந்தவர், வீட்டிலேயே பாரசீகமும் அரபியும் படித்தவர். பதினாறு வயதளவில் அவரைத் தந்தையின் நண்பர் ஒருவருக்கு மணம் முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல், பக்தியாரிக் குலத்தைச் சேர்ந்த படைத்தலைவர். எங்கள் பாடநூலில் பக்தியாரிகள் வீரர்கள். 1909இல் தெஹ்ரானுக்குள் படையுடன் நுழைந்து, ஷா முடக்கிவைத்த நாடாளுமன்றத்தை மீட்டவர்கள் அவர்களும்தான். இதை எத்தனையோ ஆண்டுகள் உற்சாகமாகப் பாடம் எடுத்திருக்கிறேன். அதே குலத்து வீரர் ஒருவர் வீட்டுக்குள் எப்படியிருந்தார் என்பது ஜாலேயின் கவிதையில் இருக்கிறது. கணவர்மீதான அருவருப்பை அவர் ஒளிக்கவில்லை. திருமணம் என்ற பெயரில் பெண்ணை விற்றுவிட்டார்கள் என்கிறார்.

அவர் பேசுவதற்கு வேறு ஆள் இல்லை. அதனால் வீட்டுப் பொருள்களிடம் பேசினார். கண்ணாடியிடம், சீப்பிடம், தையல் இயந்திரத்திடம், சமோவரிடம் (நம் டீக்கடை பாய்லருக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளலாம்). ஆயிரம் ஆண்டுகளாகப் பாரசீகக் கவிதை ரோஜாவிடமும் வானம்பாடியிடமும் மதுக்கிண்ணத்திடமும் பேசிவந்திருக்கிறது. தோட்டத்துக்கும் மதுக்கடைக்கும் போக முடிந்தவர்களின் கவிதை அது. போக முடியாதவள் கொதிக்கும் தண்ணீரிடம் பேசுகிறாள். அடுப்படிப் பொருள்களைப் பாடிய ‘எளிய’ கவிதை என்று இதைத் தாண்டிப் போய்விடுவது சுலபம். எனக்கு இது ஒரு முகவரி போலத் தெரிகிறது: அரசியல் சட்டம் வந்த ஆண்டுகளில் ஈரானியப் பெண் எங்கே இருந்தாள் என்பதற்கான முகவரி.

அவர் கணவர் வீட்டைவிட்டு வெளியேறினார். மகன் ஹுசைன் அவரிடம் தரப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தாயும் மகனும் ஒன்றுசேர்ந்தார்கள். அந்த மகன் பெஜ்மான் பக்தியாரி என்ற பெயரில் அறியப்பட்ட கவிஞராகிவிட்டிருந்தார். தாயோ தான் எழுதுவதை வெளியில் சொல்லாதவர். புத்தகங்களின் பக்கங்களுக்கிடையே செருகி வைத்திருந்த தாள்களில் கிடைத்ததுதான் இன்று நம்மிடம் இருப்பது. 1946இல் ஜாலே இறந்தார். கவிதைகளை மகன் நூலாக வெளியிட்டது 1966இல். எந்த மகனை அவரிடமிருந்து பிரித்தார்களோ, அவர் மூலமாகவே அவர் நமக்கு வந்து சேர்ந்தார்.

ஜாலே சமோவரிடம் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆண் கவிஞர்கள் நாட்டைத் தாய் என்று பாடினார்கள். நோயுற்ற தாய், அந்நியர் கையில் சிக்கிய தாய், மகன்கள் காப்பாற்ற வேண்டிய தாய். நமக்குப் பழக்கமான உருவகம்தான், பாரதி பாரத மாதாவைப் பாடிக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்தில்தான். ஈரானில் இந்த உருவகத்துக்குப் பின்னால் உண்மையான பெண்பிள்ளைகள் இருந்தார்கள். 1905இல் வடகிழக்கே கூச்சான் பகுதியில் வரி கட்ட வழியில்லாத குடியானவர்கள் தங்கள் மகள்களைத் துர்க்மேனியர்களுக்கு விற்றார்கள். செய்தி பரவி, பத்திரிகைகள் எழுதி, பள்ளிவாசல்களில் பேசி, மக்கள் கொதித்து, புதிய நாடாளுமன்றத்தில் விசாரணைவரை போனது. புரட்சியை மூட்டிய தீக்குச்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் பின்னால் வந்த வரலாற்று நூல்களில் கூச்சான் மகள்கள் ஒரு வரியாகச் சுருங்கினார்கள், பிறகு அந்த வரியும் போயிற்று. அஃப்சானே நஜ்மாபாதி என்ற வரலாற்றாய்வாளர் 1998இல் அவர்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி மீட்டார். நான் முதுகலை படித்த நூல்களில் அவர்கள் இல்லை. 1906 தேர்தல் சட்டம் யாருக்கெல்லாம் வாக்கில்லை என்று பட்டியல் போட்டது. திருடர்கள், கொலையாளிகள், திவாலானவர்கள் இருந்த அந்தப் பட்டியலில் பெண்களும் இருந்தார்கள்.

பர்வீன் எதெஸாமி வேறு மாதிரியான வீட்டில் பிறந்தவர், 1907இல், தப்ரீஸ் நகரில். தந்தை யூசுஃப் பத்திரிகை ஆசிரியர். எகிப்தின் காசிம் அமீன் எழுதிய பெண் விடுதலை நூலைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தவர். மகளைத் தெஹ்ரானில் அமெரிக்கர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார். 1924இல் பள்ளி முடித்த விழாவில் பதினேழு வயது பர்வீன் ‘பெண்ணும் வரலாறும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். அந்தத் தலைப்பைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் பதினேழு வயதில் பள்ளி விழாவில் எனக்குக் கிடைத்தது வரவேற்புக் கோலத்தை மேற்பார்வை பார்க்கும் வேலை.

பர்வீனுக்கு 1934இல் திருமணம், சில வாரங்களில் முறிவு. மணக்கொடையான மஹரை விட்டுக்கொடுத்து விடுதலை வாங்கினார். அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவர் கவிதைகளில் ஊசியும் நூலும், வெங்காயமும் பூண்டும் ஒன்றோடொன்று வாதிடும். அநாதைக் குழந்தை அரசனின் கிரீடத்தில் மின்னுவது என்ன என்று கேட்கும், கிழவி ஒருத்தி அது நம் கண்ணீரும் இரத்தமும் என்பாள். 1935இல் தொகுப்பு வந்ததும் எழுந்த முதல் கேள்வி: இதை எழுதிய ஆண் யார்? இவ்வளவு கட்டுக்கோப்பான மரபுக் கவிதையை ஒரு பெண் எழுத முடியாது, தந்தை எழுதியிருப்பார், தந்தையின் நண்பர் எழுதியிருப்பார் என்றார்கள். பர்வீன் ஆண் அல்ல என்பதை ஒரு கவிதையிலேயே சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் விடவில்லை. அவர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1977இல், அவர் கவிஞரே இல்லை என்று வாதிட ஒருவர் ஒரு புத்தகமே எழுதினார். இதற்கு நேரெதிராகவும் நடந்திருக்கிறது. 1848இல் பதாஷ்த் என்ற ஊரில் ஆண்கள் கூடிய அவையில் முகத்திரையை விலக்கி, 1852இல் கொல்லப்பட்ட தாஹிரேயின் பெயரில் புகழ்பெற்ற கஜல் ஒன்று வழங்குகிறது. அது அவருடையதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. செத்துப்போன போராளிக்குக் கவிதையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். உயிரோடு எழுதுகிறவளிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள்.

1936 ஜனவரி 8 அன்று ரேஸா ஷா பெண்கள் பர்தா அணியக் கூடாது என்று ஆணையிட்டார். பர்வீன் அதை வரவேற்றுக் கவிதை எழுதினார். இதுவரை ஈரானில் பெண் ஈரானியளாகவே இருக்கவில்லை, நீதி கேட்ட அவள் குரலுக்கு ஆயுள் முழுக்கப் பதிலே வரவில்லை என்பது அதன் சாரம். தெருவில் காவலர்கள் பெண்களின் சாதரைப் பிடித்துக் கிழித்ததும், அதற்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டே வெளிவராத பெண்கள் இருந்ததும் அதில் இல்லை. அந்தக் கவிதைக்காக பர்வீன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதே சமயம் அரசு தந்த பதக்கத்தை வாங்க மறுத்தவரும் அவர்தான். ஷாவின் அந்தச் சீர்திருத்தம் பெண்ணின் தலையைத் தொட்டது, மடியைத் தொடவில்லை. அதே ஆண்டுகளில் எழுதி முடிக்கப்பட்ட ஈரானின் குடிமைச் சட்டத்தில் பிரிவு 1169 குழந்தையை வளர்க்கும் உரிமையைப் பற்றியது. மகன் இரண்டு வயதுவரை, மகள் ஏழு வயதுவரை தாயிடம். பிறகு தந்தையிடம். ஜாலேயின் காலத்து மத வழக்கம், கோட் அணிந்த நவீன அரசின் அச்சிட்ட சட்டமாயிற்று.

பிரிவு எண்ணைக்கூட நான் நினைவில் வைத்திருப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 1997இல் என் மகள் பெயரில் ஒரு வைப்புநிதி தொடங்க வங்கிக்குப் போனேன். என் சம்பளப் பணம். கணவர் பிரிந்துபோய் மூன்று ஆண்டுகள். கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “காப்பாளர் இடத்துல அப்பா கையெழுத்து வேணும்மா.” அவர் இங்கே இல்லை என்றேன். “வந்தப்புறம் போட்டுக் கொண்டாங்க.” 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின்படி இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் ‘பின்’ தாய். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்கப் போய் இதே பதிலைக் கேட்டு, உச்ச நீதிமன்றம்வரை சென்றார். ‘பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் என 1999இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் நான் வைப்புநிதியை என் பெயரிலேயே போட்டுவிட்டிருந்தேன். படிவத்தை என்னிடம் தள்ளிய அந்த மனிதர் கெட்டவரல்ல. சட்டத்தின் ஒரு சொல்லை எனக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். வக்கீல், ஜாமீன், வாரிசு, தஸ்தாவேஜு என்று பாரசீகம் அரபுச் சொற்களையும் சுமந்துகொண்டு நம் கச்சேரி வழியாகத்தான் தமிழுக்குள் வந்தது. கஜல் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

ஃபரோக் ஃபரோக்சாத் பதினாறு வயதில் தானே விரும்பி மணந்தார். 1952இல் மகன் பிறந்தான். 1955இல் மணமுறிவு. மகன் தந்தை வீட்டுக்குப் போனான், தாய் பார்ப்பதுகூட அரிதாயிற்று. அந்த ஆண்டுகளின் ஈரானிய இலக்கிய வரலாறு எதைப் பேசும் என்று பாருங்கள். 1953இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து மொசாதெக்கைக் கவிழ்த்த பிறகு நாடு உறைந்துபோனது, மெஹ்தி அகவான் சாலெஸ் ‘குளிர்காலம்’ என்ற கவிதையில் அந்த உறைவைப் பாடினார், அதுவே ஒரு தலைமுறையின் குரலாயிற்று. அருமையான கவிதை, மறுக்கவில்லை. அதே உறைந்த நாட்டில் 1954இல் ஃபரோக் எழுதிய ‘பாவம்’ ஒரு வார இதழில் வந்தது. மணமான பெண் ஒருத்தி ஓர் ஆணுடன் கூடியதைச் சொல்கிறாள், வருந்தாமல். நாடே உறைந்திருந்தது என்றார்களே, அந்தக் கவிதைக்கு எதிராக எவ்வளவு சூடு கிளம்பியது!

இதில் மொழி சார்ந்த ஒரு நுட்பம் இருக்கிறது. பாரசீகத்தில் அவன், அவள் என்ற வேறுபாடு கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல். நம் வினைமுற்றைப்போல ஈறும் பால் காட்டாது. ஹாஃபிஸின் காதலர் ஆணா, பெண்ணா, கடவுளா என்பதை நூற்றாண்டுகளாக அந்த மொழி சொல்லாமலே வைத்திருந்தது. தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதல் வினைச்சொல்லிலேயே மாட்டிக்கொள்வோம். அந்த மறைப்பு ஆண்களுக்கு வசதியாக இருந்தது. ஃபரோக் அதை விலக்கினார். அவர் கவிதையில் விரும்பப்படுபவன் உடலுள்ள ஆண், விரும்புபவள் பெயருள்ள பெண். 1936இல் காவலர்கள் பிடித்து இழுத்த திரையைவிட இது கனமான திரை என்றே நினைக்கிறேன்.

1962இல் அவர் தப்ரீஸ் அருகே தொழுநோயாளர் குடியிருப்பில் ‘இந்த வீடு கறுப்பு’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு. முடித்துத் திரும்பும்போது அங்கிருந்த பெற்றோரின் சம்மதத்துடன் ஹுசைன் என்ற சிறுவனைத் தன் மகனாகத் தெஹ்ரானுக்கு அழைத்துவந்தார். பெற்ற மகனைச் சட்டம் தரவில்லை. இரண்டாண்டு கழித்து வந்த ‘மறுபிறப்பு’ தொகுப்பில் ஒரு நீண்ட அங்கதக் கவிதை இருக்கிறது. தலைப்பு, நாடே பாடும் தேசபக்திப் பாடலிலிருந்து எடுத்த சொற்கள். கவிதையில் பேசுபவளுக்கு அடையாள அட்டை கிடைத்துவிடுகிறது, 678 என்று எண்ணும் வந்துவிடுகிறது. இனி தாய்நாட்டின் மடியில் அவளுக்கு என்ன குறை? பெருமைமிகு கடந்தகாலத்தைக் குழந்தையின் வாயை அடைக்கும் ரப்பர் காம்பாகப் பார்க்கிறது அந்தக் கவிதை. தாய்நாடு என்ற உருவகத்தை ஐம்பது ஆண்டுகள் ஆண்கள் பாடிய பிறகு, தாயாக இருக்க அனுமதிக்கப்படாத ஒருத்தி அதற்கு எழுதிய பதில் என்று அதை இப்போது வாசிக்கிறேன். முன்பு வெறும் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

1967 பிப்ரவரியில், முப்பத்திரண்டு வயதில், கார் விபத்தில் ஃபரோக் இறந்தார். அதே ஆண்டில், அவர் இறந்த சில மாதங்களில், குடும்பப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆண் தன் வாய்ச்சொல்லால் மட்டும் மனைவியைத் தள்ளிவைக்க முடியாது, நீதிமன்றம் வர வேண்டும், குழந்தை யாரிடம் இருப்பது என்பதையும் நீதிமன்றமே முடிவுசெய்யும். பென்சிலால் 1967ஐ எழுதி வட்டமிட்டேன். என் பாடநூலில் அந்த ஆண்டுக்கு ஷா முடிசூட்டிக்கொண்ட விழா மட்டும் இருந்தது.

அந்தச் சட்டம் பன்னிரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. புரட்சி வென்று இரண்டு வாரங்களில், 1979 பிப்ரவரி 26 அன்று, அது நிறுத்திவைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மார்ச் 8 அன்று பெண்கள் ஆயிரக்கணக்கில் தெஹ்ரான் தெருவில் இறங்கியதற்குக் கட்டாயத் தலைத்துணி மட்டுமே காரணம் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஷாவை எதிர்த்து அந்தப் பெண்களும்தான் ஊர்வலம் போயிருந்தார்கள். மூன்று வாரத்தில் மீண்டும் இரண்டு வயது, ஏழு வயது.

சிமின் பெஹ்பஹானி அப்போது ஐம்பதைத் தாண்டியவர். 1927இல் பிறந்தார். தாய் ஃபக்ர் ஒஸ்மா அர்குன் கவிஞர், 1920களின் பெண்கள் இயக்கத்தில் இருந்தவர். சிமின் சட்டம் படித்துவிட்டு, வக்கீலாகாமல் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது கஜல், காதலுக்கென்று ஒதுக்கப்பட்ட பழைய வடிவம். அதன் சந்தங்களைப் புதிதாக்கி, அதற்குள் தெருவைக் கொண்டுவந்தார். ஈராக்குடன் எட்டு ஆண்டு நடந்த போரில் அரசு சுவர்தோறும் தியாகிகளின் படங்களை வரைந்தது. சிமின் ஒற்றைக் காலில் நிற்கும் இளைஞனைப் பார்த்தார். மடித்துவிட்ட கால்சட்டை, முகத்தில் கோபம். அவனிடம் பேச வேண்டும் என்று கவிதையில் வருபவள் திரும்புகிறாள், அவன் போய்விட்டிருக்கிறான், இடம் காலியாக இருக்கிறது. சட்டப்படி மகன் தந்தைக்கு, போர் வந்தால் நாட்டுக்கு. காலை இழந்து திரும்பி வருபவனிடம் பேசத் திரும்புகிறவள் மட்டும் ஒரு பெண்.

2006 மார்ச் 8 அன்று தெஹ்ரானில் ஒரு பூங்காவில் கூடிய பெண்களைக் காவலர்கள் அடித்தபோது, எழுபத்தெட்டு வயது சிமினும் அடி வாங்கினார். அவ்வாண்டு தொடங்கிய பத்து லட்சம் கையெழுத்து இயக்கத்தில் அவர் துணைநின்றார். திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை, குழந்தை ஆகியவற்றில் சட்டத்தை மாற்றக் கேட்ட இயக்கம் அது. 2010இல் பெண்கள் தின நிகழ்ச்சிக்காகப் பாரிஸ் கிளம்பியவரை விமான நிலையத்தில் நிறுத்திக் கடவுச்சீட்டைப் பறித்தார்கள். வயது எண்பத்திரண்டு, பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது.

நான் படித்தது பாரசீக மொழியின் ஈரானை மட்டுமே. 2022இல் உலகமெங்கும் கேட்ட ‘பெண், வாழ்வு, விடுதலை’ முழக்கம் குர்திய மொழியிலிருந்து வந்தது. குர்து, அசேரி, பலூச்சிப் பெண்களின் கவிதைகளைக்கொண்டு பார்த்தால் என் பென்சில் குறிப்புகள் இன்னொரு முறை மாறக்கூடும்.

பிரிவு 1169 திருத்தப்பட்டது 2003இல். மகனும் ஏழு வயதுவரை தாயிடம் இருக்கலாம் என்று ஆயிற்று. சென்ற ஆண்டு ஈரான் பாடம் எடுத்தபோது கரும்பலகையில் வழக்கம்போல 1906, 1925, 1953, 1979 என்று எழுதி, பக்கத்தில் 1967 என்றும், அதன் கீழே 2, 7 என்றும் எழுதினேன். முன்வரிசையில் ஒரு மாணவி, “இது என்ன மேடம், மதிப்பெண்ணா?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஊர்ல எத்தன வயசு மேடம்?”

இந்துக்களுக்கு 1956 சட்டப்படி, சாதாரணமாக ஐந்து வயதுவரை தாயிடம் என்றேன். குறித்துக்கொண்டாள்.